திருநெல்வேலிச் சீமையில் வீட்டுத்தோட்ட லெட்டூஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெட்டூஸ் குளிர்ப்பிரதேசத்துச் செடி அல்லவா? நம் ஊர் வெயிலில் வருமா?

வரும். ஆனால் தண்டுக்கீரையைப் போல எந்த மாதம் விதைத்தாலும் வரும் என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பச்சையாகவே தின்னும் இந்தக் கீரைச் செடிக்கு உகந்த வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். திருநெல்வேலியிலோ மார்கழியில்கூடப் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும், இரவு வெப்பம் 22, 23 டிகிரியை ஒட்டியுமே இருக்கிறது. ஆகவே, ஊட்டியிலிருந்து வரும் கெட்டியான உருண்டைகளை இங்கே எதிர்பார்க்காமல், இலை இலையாகப் பறித்துத் தின்னும் வகைகளை, இளசாக இருக்கும்போதே அறுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்தால் கார்த்திகைப் பாதியில் முதலில் விதைப்பது தொடங்கி மாசிக் கடைசியில் அறுத்து முடிப்பது வரை, ஏறத்தாழ நூறு நாள் பருவத்தில் வீட்டுக்கு வேண்டிய இலையை எடுத்துவிடலாம். இந்த நூறு நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

எப்போது விதைக்க வேண்டும்?

முதல் விதைப்பைக் கார்த்திகை நடுவில், அதாவது டிசம்பர் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிலேயே மழை தொடங்கிவிடுகிறதே என்று அவசரப்படுவோர் உண்டு. மழையில்லாத நாட்களில் ஐப்பசி வெயில் சுள்ளென்று அடிப்பதும், அடைமழை பெய்தால் சிறு நாற்றுகள் சேற்றில் புதைந்துபோவதும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. முதல் விதைப்புக்குப் பிறகு பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சிறிதளவு விதைத்துக்கொண்டே வந்து, தை மாதப் பிறப்போடு விதைப்பை நிறுத்திவிடுவது நல்லது. தைக் கடைசியில் விதைப்பவை பங்குனி வெயிலில் மாட்டிக்கொண்டு, உண்ணத் தகுந்த இலை விடுவதற்குள் தண்டு நீட்டிவிடும்.

ஒரே நாளில் பொட்டலம் முழுவதையும் கொட்டி விதைப்பது புதிதாகத் தொடங்குவோர் எல்லாரும் செய்யும் தவறு. ஒரு கிராமில் ஏறத்தாழ 800 முதல் 1000 விதைகள் இருக்கும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு விதைப்புக்கு முப்பது விதைகள் போதும்.

விதை முளைக்கவே இல்லை. விதைக்கடைக்காரர் பழைய விதையைக் கொடுத்துவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தைத் தேடி வருபவர்கள் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லெட்டூஸ் விதைக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. ஈரம் பட்ட முதல் சில மணி நேரத்தில் மண் அதிகச் சூடாக இருந்தால், உயிர் இருந்தும் அது முளைக்க மறுத்துவிடும். வகைக்கு வகை அளவு மாறினாலும், மண்ணின் வெப்பம் 27, 28 டிகிரியைத் தாண்டும்போது முளைப்பு குறையத் தொடங்கி, 30 டிகிரிக்கு மேல் பல வகைகள் அடியோடு முளைப்பதில்லை. வெயில் காலத்தில் முளைத்தால் பிழைக்க முடியாது என்பதால் விதை தானே தூங்கிவிடுகிறது என்று கொள்ளலாம். நம் ஊரில் வெயில்பட்ட தொட்டி மண் நண்பகலில் இந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும்.

நான் முதல்முறை விதைத்தது புரட்டாசியில். தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், கறுப்பு நிற நாற்றுத் தட்டில் விதைத்து, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்து, பன்னிரண்டு நாள் காத்திருந்தும் ஒரு முளைகூட வரவில்லை. விதைக்கடையைத் திட்டிக்கொண்டே தட்டைப் புறவாசலில் வேம்பு நிழலில் கவிழ்க்காமல் அப்படியே போட்டுவிட்டேன். கார்த்திகையில் நான்கு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பார்த்தால், அந்தத் தட்டில் நகக்கண் அளவு பச்சை இலைகள் பதினேழு நின்றன. விதையில் பழுதில்லை, நான் விதைத்த காலத்தில்தான் பழுது.

இதற்கு எளிய வழிகள் இரண்டு. முதலாவது, விதையை ஈரத்துணியில் பரப்பி மடித்து, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, பிறகு விதைப்பது. வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்த்த உடனே எடுத்துவிட வேண்டும். வேர் நீண்டுவிட்டால் துணியிலிருந்து பிரிக்கும்போது ஒடிந்துபோகும். இரண்டாவது, நம் வீடுகளில் முன்பு குடிதண்ணீர்ப் பானையை மணல் பரப்பி அதன்மேல் வைப்பார்களே, அந்த மணலைப் பயன்படுத்துவது. மண்பானை கசிந்து, கசிந்த நீர் காற்றில் ஆவியாவதால் பானையைச் சுற்றியுள்ள மணல் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். விதையிட்ட சிரட்டையை அந்த மணலில் பாதி புதைத்து வைத்தால் மூன்று நான்கு நாளில் முளை கட்டிவிடும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். மழை ஈரம் காற்றில் நிறைந்திருக்கும்போது பானை அவ்வளவாகக் குளிராது.

எந்த வழியில் விதைத்தாலும் மாலை ஐந்து மணிக்கு மேல் விதையுங்கள். விதை ஈரத்தை உறிஞ்சும் முதல் பொழுது இரவின் குளிர்ச்சியில் கழியும்.

விதையை எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும்?

புதைக்கவே வேண்டாம். மண்மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, விதை கண்ணுக்கு மறைந்தும் மறையாமலும் இருக்கும்படி சலித்த மண்புழு உரத்தைத் தூவினால் போதும். லெட்டூஸ் வகைகள் பலவற்றின் விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில், சிவப்பு ஒளி பட்டால் விதை முளைப்பதையும், அதற்கடுத்துத் தொலைசிவப்பு ஒளி பட்டால் முளைக்காமல் நின்றுவிடுவதையும் கண்டு 1952-இல் வெளியிட்டார்கள்; தாவரங்கள் ஒளியை உணரும் நிறமி பிற்பாடு கண்டறியப்பட வழிவகுத்த அந்த ஆய்வுக்குப் பயன்பட்டது இந்தச் சாதாரண லெட்டூஸ் விதைதான். நமக்கு அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, கொத்தமல்லி விதையைப் போல அரை அங்குலம் மண் மூடக் கூடாது என்பது மட்டுமே.

தூவிய அன்றே எறும்பு வரும். வரிசை கட்டி விதையைத் தூக்கிக்கொண்டு போவதை நீங்கள் நின்று பார்க்கலாம். நாற்றுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே இரண்டு செங்கல் வைத்து, அவற்றின்மேல் வைத்தால் தொல்லை தீரும்.

எந்த வகையை வாங்குவது?

உருண்டை கட்டும் ஐஸ்பெர்க் வகையை விட்டுவிடுங்கள். அது முழுதாக உருண்டை கட்ட எழுபது எண்பது நாள் தொடர்ந்து குளிர் வேண்டும். அது நம்மிடம் இல்லை. விதைக்கடைகளில் கிடைக்கும் ‘கிரேட் லேக்ஸ்’ இந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறியாமல் வாங்கி வருந்துவோர் பலர்.

உதிரி இலை வகைகளே இங்கே பொருந்தும். சுருள் இலை கொண்ட ‘கிராண்ட் ராபிட்ஸ்’, சிவந்த ஓரமுள்ள ‘லோலோ ரோசா’, கருவாலி மர இலை வடிவமுள்ள ‘ஓக் லீஃப்’ ஆகியவை 45 முதல் 50 நாளில் முழு அறுவடைக்கும், 25 முதல் 30 நாளில் பிஞ்சு இலை அறுவடைக்கும் வரும். நிமிர்ந்து வளரும் ரொமெய்ன் வகை வேண்டுமென்றால், வெப்பத்தைத் தாங்குவதற்காக இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட ‘ஜெரிகோ’ கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சிவப்பு வகைகள் நிழல்வலைக்கு அடியில் பச்சையாகவே நின்றுவிடும். அது நோயன்று, வெளிச்சக் குறைவு.

மாடியில் வைக்கலாமா, புறவாசலில் வைக்கலாமா?

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் பட்டு, உச்சி வெயிலும் மேற்கு வெயிலும் படாத இடமே சிறந்தது. வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிய இடம் கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம். மாடியில்தான் இடம் உண்டு என்றால் 50 விழுக்காடு நிழல்வலை கட்டுங்கள். வலை செடிக்கு மிக அருகில் இருந்தால் அனல் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் ஆள் உயரத்துக்குக் கட்ட வேண்டும். முடைந்த தென்னங்கிடுகை இடைவெளி விட்டுப் பந்தலில் பரப்பினாலும் போதும். தொட்டிகளைச் சூடேறும் தளத்தில் நேரே வைக்காமல், செங்கல்லோ பலகையோ கொடுத்து உயர்த்தி வையுங்கள்.

முருங்கை நிழல் அளவாக இருக்கிறதே, அதன் அடியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். நிழல் என்னவோ பொருத்தமானதுதான். ஆனால் மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடையடையாக அப்பிக்கொண்டிருக்கும். பச்சையாகத் தின்னும் இலைமேல் அது விழுந்து ஊர்வதை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை அந்த யோசனையைச் சொல்ல மாட்டார். வெற்றிலைக் கொடிக்காலில் நிழலுக்கு வைக்கும் அகத்தி இதற்கு எவ்வளவோ மேல்.

மண் கலவை எப்படி இருக்க வேண்டும்?

லெட்டூஸின் வேர் ஆழமாக ஓடுவதில்லை. இறுகிய மண்ணை அது துளைக்காது. தாமிரபரணிக் கரையோரம் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் வண்டல் மண் கிடைப்பவர்கள் கொஞ்சம் தொழுவுரம் சேர்த்தாலே போதும். மானூர்ப் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் பிசினாகவும் காய்ந்தால் பாளமாகவும் மாறுவதோடு காரத்தன்மையும் கொண்டது என்பதால், அங்கே தரையில் போடாமல் தொட்டியிலோ வளர்ப்புப் பையிலோ வளர்ப்பதே சரி. இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் தண்ணீரும் சத்தும் நிற்காது. குளத்துக் கரம்பை கலந்தால்தான் அது செடி தாங்கும்.

தொட்டிக்கு நான் கலப்பது செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவைக் கழுவாமல் சேர்த்தால் அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும். தொட்டி அரை அடி முதல் முக்கால் அடி ஆழம் இருந்தால் போதும். ஓரடி அகலமுள்ள பையில் மூன்று செடிகள் நிற்கலாம். ஆசைக்கு ஆறு வைத்தால் ஆறும் நோஞ்சானாகத்தான் வளரும். நான்கைந்து இலை வந்ததும் மாலையில் பிடுங்கி நடுங்கள். குருத்து மண்ணுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றலாமா?

சற்று உப்பு என்றால் ஊற்றலாம். நாக்கில் கரிக்கும் அளவென்றால் கூடாது. உவர்ப்பைத் தாங்குவதில் லெட்டூஸ் சற்று நோஞ்சான் செடி. உப்பின் அளவைக் காட்டும் மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.3 டெசிசைமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது வேளாண் நூல்களில் உள்ள கணக்கு. கருவி இல்லாதவர்கள் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள்: வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். வடகிழக்குப் பருவமழையில் மாடித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துவைத்தால், நாற்றுப் பருவத்துக்காவது நல்ல தண்ணீர் கிடைக்கும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுவோர் இருக்கிறார்கள்; அந்தத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், லெட்டூஸுக்கு அது ஆகாது.

தண்ணீரை அதிகாலையில் வேரடியில் ஊற்றுங்கள். காற்று வறண்டு வீசும் தை, மாசி நாட்களில் மாலையிலும் ஒருமுறை தேவைப்படும். மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் குளமாவதைவிட, எப்போதும் புட்டு மாவுப் பதத்தில் ஈரமாக இருப்பதே செடிக்கு இதம்.

அடைமழையில் என்ன செய்வது?

தரையில் பாத்தி அமைத்தால் அரை அடி உயர்த்தி அமையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் என் புறவாசல் பாத்தி இருந்த இடமே தெரியாமல் போயிற்று. சுவரோரம் செங்கல்மேல் வைத்திருந்த நான்கு பைகள் மட்டும் மிஞ்சின. அந்த அளவு மழைக்கு எந்த ஏற்பாடும் தாங்காது என்றாலும், வழக்கமான மார்கழி மழைக்கு உயர்த்திய பாத்தியும், அடியில் துளை அடைபடாத தொட்டியும் போதுமானவை. நாற்றின் கழுத்து நைந்து சாயும் நாற்றழுகல் நோய் ஈரம் தேங்கும்போதுதான் வரும். விதைக்கும் முன், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைகோடெர்மா விரிடி தூளை விதையில் புரட்டிக்கொள்வது ஒரு தற்காப்பு.

இலை கசக்கிறது, தண்டு நீள்கிறது. உரக் குறைவா?

உரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. செடி பூக்கத் தயாராகிவிட்டது. லெட்டூஸ் சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டை ஒடித்தால் வெண்மையான பால் கசியும். அந்தப் பாலில் உள்ள லாக்டுசின் போன்ற பொருட்களே கசப்புக்குக் காரணம். செடி தண்டு நீட்டும் பருவத்தில் அவை கூடிவிடுகின்றன.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் கோடையின் நீண்ட பகலே செடியைப் பூக்கவைக்கிறது என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, நம் ஊரிலும் அதுதான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குள் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆகவே இங்கே செடியை விரட்டுவது முக்கியமாக வெப்பமே. நிழலும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போடலாம், அதற்குமேல் முடியாது. நடுத்தண்டு ஒரு விரல் உயரம் எழும்பியதைக் கண்ட அன்றே செடி முழுவதையும் அறுத்துவிடுங்கள். சற்றுக் கசக்கும் இலையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டாக்கினால் வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை.

குருத்து இலையின் நுனி மட்டும் கருகுகிறது.

வேகமாக வளரும் குருத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கின்மையே காரணம், மருந்து தேவையில்லை.

பூச்சிகளுக்கு என்ன அடிக்கலாம்?

பச்சையாகத் தின்னும் இலைக்கு எதையும் அடிக்காமல் இருப்பதே என் விருப்பம். இலைக்கு அடியில் அசுவினி அண்டினால், குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கழுவினாலே குறைந்துவிடும். மழைக்கால நத்தைகளை இரவு எட்டு மணிக்குமேல் டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்க வேண்டும், வெறுங்கையால் தொடாதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் பூச்சி போகும், ஆனால் அந்தக் கசப்பு வாடை சுருள் இலையின் மடிப்புகளில் நாட்கணக்கில் தங்கும். நாற்றுப் பருவத்தில் மட்டும், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் வீதம் கலந்து, சோப்புக் கரைசல் சில சொட்டு சேர்த்து, மாலையில் தெளிக்கலாம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பூச்சி மயில்தான். அதற்கு வலை ஒன்றே வழி.

தொழுவுரம், பஞ்சகவ்யம் எல்லாம் போட்டதைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

நன்கு மக்கி, மண்வாசனை மட்டுமே அடிக்கும் தொழுவுரம் என்றால், விதைப்புக்கு முன்பே மண்ணில் கலந்திருந்தால், சாப்பிடலாம். பச்சைச் சாணத்தையும் சாணிக் கரைசலையும் வளரும் செடிக்குக் கொடுக்கவே கூடாது. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்றவற்றை இலைமேல் தெளிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். முருங்கைக்கும் கத்தரிக்கும் இது பொருட்டில்லை, நாம் வேகவைத்துத் தின்கிறோம். லெட்டூஸ் அடுப்பைப் பார்க்காமலே வாய்க்குப் போகிறது. இடையில் சத்து தேவைப்பட்டால், 100 கிராம் கடலைப்புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரடியில் ஊற்றுங்கள். பறித்த இலையை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதில் வைட்டமின் கே இருப்பதால், திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எப்படிப் பறிப்பது, எப்படி வைத்திருப்பது?

வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். பத்து மணிக்குப் பறித்த இலை பதினொரு மணிக்குத் துணியாகிவிடும். வெளிவட்ட இலைகளை ஒடித்துக்கொண்டு உள்ளே நான்கைந்து இலையை விட்டுவைத்தால் செடி தொடர்ந்து தரும். பிஞ்சு இலையாக வேண்டுமென்றால் மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே கத்தரியால் மொத்தமாக வெட்டலாம். இரண்டாம் முறையும் தழைக்கும், நம் வெயிலுக்கு மூன்றாம் முறை அதிர்ஷ்டம். குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, உதறி, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்தாறு நாள் மொறுமொறுப்பு குறையாது. பழுத்த கோழிக்கூடு வாழைச் சீப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்; பழம் விடும் எத்திலீன் வாயு பட்டு இலையில் பழுப்புப் புள்ளிகள் விழும்.

ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய தேங்காய், எலுமிச்சைச் சாறு, கடுகு தாளிப்பு என்று வழக்கமாகச் செய்யும் கோசுமல்லியில், வெள்ளரிக்குப் பதிலாக இந்த இலையைக் கையால் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். உப்பைப் பந்தியில் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே காலம்தானா?

2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டாலும் கேள்விகள் என்னவோ சேர்ந்தேதான் வருகின்றன. அவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வீசும் நாட்களில் வானம் மூடி, வெப்பம் தணிந்திருக்கும். அப்போது பிஞ்சு இலைக்காக ஒரு விதைப்பு போட்டுப் பார்க்கலாம். காற்று மட்டும் செடியை அலைக்கழிக்கும் என்பதால் சுவர் மறைவு வேண்டும்.

நானே விதை எடுக்கலாமா?

எடுக்கலாம், இது தன்மகரந்தச் சேர்க்கைச் செடி என்பதால் வகை அவ்வளவாகக் கலப்பதில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தண்டு நீட்டிய செடியையே விதைக்கு விடுங்கள். முதலில் பூத்த செடியிலிருந்து விதை எடுத்தால், அடுத்த ஆண்டும் அவசரக்காரச் செடிகளே வந்து சேரும். சிறு மஞ்சள் பூ பூத்து இரண்டு மூன்று வாரத்தில், விதைத் தலையில் வெண்பஞ்சு தெரியும்போது காகிதப் பையில் உதிர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் பங்குனிக் காற்று கொண்டுபோய்விடும். காயவைத்து, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கரண்டியோடு கண்ணாடிக் குப்பியில் மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு முளைப்புத் திறன் இருக்கும்.

மாசிக்குப் பிறகு தொட்டியை என்ன செய்வது?

வேரை எடுத்துவிட்டு, மண்ணைக் கிளறி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, தண்டுக்கீரையோ கொடிப்பசலையோ போடுங்கள். அவை அக்கினி நட்சத்திரத்தையும் பொருட்படுத்தாமல் வளரும். நிழல்வலையைச் சுருட்டி எலி கடிக்காத இடத்தில் கட்டிவையுங்கள். கார்த்திகையில் தேடும்போது பாதி வலைதான் மிஞ்சியிருந்தது என்று போன ஆண்டு மூன்று பேர் சொன்னார்கள்.